நஸ்ரின் குடித்த தண்ணீர், நான் நீட்டிய தாள்

1

எனக்கு ஒரு பெண்ணின் மேல் பொறாமை. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். மறைத்து எழுதினாலும் மூன்றாவது பத்தியில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஊரை விட்டு வந்து இன்றோடு இரண்டு வருடம். காலையில் செம்பாக்கத்திலிருந்து அம்மா போன் செய்தாள்.

"மேல் வீட்டு வளைகாப்புல எல்லாரும் கேட்டாங்க வித்யா, பொண்ணு அங்க என்ன வேலை பாக்கறான்னு. வெளிநாட்டு ஆபீஸ்னு சொன்னேன். ஆபீஸ்ல என்னன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்லட்டும்?"

"சண்டை வராம பாத்துக்கறதும்மா."

"வந்துச்சா?"

"வரல."

"அப்ப நீ என்ன பண்ற?"

பதில் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். அம்மாவிடம் அரை நிமிடம்தான் இருந்தது, குக்கர் வேறு கூவியது. "நஸ்ரினோட அம்மாவ பாரு, அவ பண்றத எல்லாம் கதை கதையா சொல்றாங்க. நீதான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற" என்றாள், வைத்துவிட்டாள்.

அந்தக் கடைசி வரிதான் என்னை உட்காரவைத்து இதை எழுதவைக்கிறது. வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பொதுவாகத் தங்கள் பிள்ளைகள் தமிழை விட்டுப் போவதைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு வயது இருபத்தேழு, பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில் விலகிப் போன பிள்ளை நான்தான். அண்ணன் நாவலூரில் வேலை பார்க்கிறான், சாயந்திரம் ஏழரைக்கு வீட்டுக்கு வந்து தோசை கேட்கிறான். நான் போனில் 'ஹலோ' சொல்வதற்குப் பதில் இந்த ஊர் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் அம்மா பேசாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

2

இருக்கும் நாட்டின் பெயரை எழுதக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. ஆப்பிரிக்காவின் உள்பகுதி, மூன்று மாதம் மழை, ஒன்பது மாதம் தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பன்னாட்டு அமைப்பின் கள அலுவலகத்தில் அரசியல் விவகார உதவி அதிகாரி. மோதல் தடுப்பில் முதுகலைப் பட்டம். பட்டம், பதவி, அடையாள அட்டை எல்லாவற்றிலும் மோதலைத் தடுக்க வேண்டியவள் நான்தான் என்று எழுதியிருக்கிறது. மோதல் வரும்போல் இருந்தால் ஊர்க்காரர்கள் போன் செய்வது நஸ்ரினுக்கு.

நஸ்ரின் நீர்வள அதிகாரி. குழாய்க் கிணறு போடுவதும் பம்பு மாற்றுவதும் அவள் வேலை. குரோம்பேட்டைக்காரி. ஜி.எஸ்.டி. ரோட்டில் அவள் அப்பாவுக்கு ஸ்கூல் பேக் கடை. படித்ததும் அங்கேயே இருக்கும் இன்ஜினியரிங் கேம்பஸில். வீட்டிலிருந்து கல்லூரிக்கு நடந்து போனவள் நாலு விமானம் மாறி இங்கே வந்திருக்கிறாள். நான் வந்த முதல் நாள், கேன்டீனில் ஒரு அண்டாவை நோக்கிக் கரண்டியை நீட்டினேன். பின்னால் ஒரு குரல்.

"சாம்பார்னு நினைச்சு ஊத்திக்காத. அது வேற. அப்புறம் பேஜாராயிடும்."

திரும்பிப் பார்த்தேன். அப்போது அழுகை வந்தது உண்மை. என்னைவிட மூன்று வயது பெரியவள் என்பதால் அன்றிலிருந்து வாயால் "நஸ்ரின் அக்கா". மனசுக்குள் வெறும் நஸ்ரின். பாசம் ஒரு மாதம் நீடித்தது. அதற்குள் அவளுக்கு எத்தனை போன் வருகிறது என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

என்ன பொறாமை என்று கேட்டால் எதைச் சொல்ல? இந்த ஊர் மொழியை அவள் சந்தையில் பேரம் பேசிக் கற்றுக்கொண்டாள். நான் வகுப்பில் கற்றுக்கொண்டேன், பேசினால் கோர்ட் சம்மன் படிப்பதுபோல் இருக்கிறதாம். எங்கள் டிரைவரும் மொழிபெயர்ப்பாளருமான யூனுஸ் அவள் ஜோக்குக்குச் சிரிப்பார், என் ஜோக்கை மொழிபெயர்ப்பார். போதாததற்கு என் அம்மா அண்ணன் பையனுக்குப் பேக் வாங்க அவள் அப்பா கடைக்குப் போய், அவள் அம்மாவோடு சிநேகமாகி, வாராவாரம் அவள் புகழை எனக்கு ஏற்றுமதி செய்கிறாள்.

3

ஆனால் ஊர்க்காரர்கள் அவளை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. அதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை.

இங்கே வடக்கே மாடு மேய்ப்பவர்கள். தெற்கே ஆறு. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, அதில் சோளம் போடும் விவசாயிகள். மழை முடிந்ததும் மாடுகள் ஆற்றுக்கு இறங்க வேண்டும். அதற்கென்று வயல்களுக்கு நடுவே ஒரு பாதை உண்டு, வருடத்துக்கு வருடம் வயல்கள் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கின்றன. அதனால் அறுப்பு முடிந்த பிறகுதான் பாதையைத் திறக்க முடியும். என்றைக்குத் திறப்பது என்பதை இரண்டு பக்கமும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நான் வருவதற்கு முந்தைய வருடம் முடிவாகவில்லை. அறுக்காமல் நின்ற பயிருக்குள் மாடுகள் இறங்கின. அந்த வாரம் எரிந்த கூரைகளின் கரி இன்னும் சுவர்களில் இருக்கிறது. விவசாயிகள் பக்கத்துப் பெரியவர் சுலே, தம்பியை இழந்தார். மேய்ப்பவர்கள் பக்கத்து ஜிப்ரு, மூத்த மகனை இழந்தார்.

போன வருடம் மேய்ப்பவர்களின் கன்றுகள் வரிசையாகச் செத்தன. மாடுகள் குடிக்கும் குட்டையில் விவசாயிகள் விஷம் கலந்தார்கள் என்று பேச்சு. நான் அலுவலகத்தில் உட்கார்ந்து 'பதற்றம் அதிகரிக்கும் சாத்தியம்' என்று நாலு பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். நஸ்ரின் சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போனாள். சுலேயையும் ஜிப்ருவையும் வரச்சொல்லி, இருவர் கண்முன்னால் தண்ணீரைச் சோதித்தாள். விஷம் இல்லை. ஜிப்ரு நம்பவில்லை, பெட்டி உங்களுடையதுதானே என்றார். அவள் அதே குட்டைத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு டம்ளர் குடித்தாள். அப்புறம் மதியம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள், தான் சாகவில்லை என்று எல்லோரும் பார்ப்பதற்காக. மறுநாள் கால்நடை டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனாள். கன்றுகளுக்கு வந்தது நோய்.

என் நாலு பக்கம் தலைமையகத்துக்குப் போனது. பாராட்டிக்கூட ஒரு வரி வந்தது. இருந்தாலும் அன்று முழுக்க எனக்குள் ஓடியது ஒன்றுதான். அந்த டம்ளரை நான் குடித்திருக்கலாமே.

4

அம்மாவுக்குச் சொல்ல முடியாத ஐந்து நிமிடப் பதிலை உங்களுக்குச் சொல்கிறேன்.

வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் போய் உட்கார வேண்டும். இங்கே ஒரு டீ குடித்தால் அங்கேயும் ஒரு டீ. ஒரு பக்கம் இரண்டு குடித்துவிட்டால் அது சந்தைவரை போய்விடும். யார் வீட்டில் பெண்களையும் குழந்தைகளையும் சொந்தக்காரர் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அனுப்ப ஆரம்பித்தால் சண்டை பக்கத்தில் இருக்கிறது. வதந்தி கிளம்பினால் அது சாயங்காலம் ஆவதற்குள் உண்மையா பொய்யா என்று நேரில் போய்ப் பார்த்து இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். மாவட்ட அதிகாரி அவசரப்பட்டுத் தானே ஒரு தேதியை அறிவித்துவிடாமல் நயமாகத் தடுக்க வேண்டும், அவர் அறிவித்தால் அதை மீறுவது இரண்டு பக்கத்துக்கும் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். இத்தனைக்கும் நடுவில், ஊர் எல்லையைத் தாண்டப் படிவம், வண்டிக்குப் படிவம், வண்டியில் வெளியாள் ஏறினால் அவர் கையெழுத்திட வேண்டிய படிவம்.

படிவங்கள் எனக்குப் பிடிக்கும். அது பரம்பரை. செம்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட் சங்கத்துக்கு அப்பாதான் செயலாளர். பள்ளியில் வரலாற்று வாத்தியார். கோடையில் தண்ணீர் லாரி வந்தால் முன் பிளாக்குக்கு முதலா பின் பிளாக்குக்கு முதலா என்று தினம் ரகளை. அப்பா நீள ரிஜிஸ்டரில் கோடு போட்டு, பெயர், ஃப்ளாட் எண், பொறுப்பு, கையெழுத்து என்று நாலு கட்டம் பிரித்து, எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். "கையெழுத்து இல்லாத கூட்டம் வெறும் அரட்டை" என்பார். கையெழுத்துப் போட்டபின் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. லாரி ஒரு நாள் முன் பிளாக், ஒரு நாள் பின் பிளாக் என்று ஓடியது. சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசையே வந்தது. என் நாலு கட்ட நம்பிக்கை அந்த மொட்டை மாடியிலிருந்து வந்தது.

5

இந்த வருடக் கூட்டத்தை ஏற்பாடு செய்தது நஸ்ரின்தான். சுலேயும் ஜிப்ருவும் ஒரே மரத்தடியில் உட்காரச் சம்மதிக்க வைப்பதற்கு அவளுக்கு ஆறு வாரம் பிடித்தது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அவளுடைய குடியிருப்பு அட்டை காலாவதியாகிவிட்டது. கைரேகை வைக்கத் தலைநகருக்கு நேரில் வா என்றார்கள். தேதியை மாற்ற முடியாது, மாடுகள் ஏற்கெனவே கிளம்பிவிட்டன. ஏழு நாள் நடையில் இங்கே வந்துவிடும்.

பையைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "நீதான் நடத்தணும். நடத்தணும்னா ஒண்ணுமே பண்ணக் கூடாது. டீ குடிக்க விடு. மாட்டப் பத்திப் பேசுவாங்க, பேச விடு. அவங்களா தேதிக்கு வருவாங்க. ஆங், பேப்பர் கீப்பர் எதுவும் வெளிய எடுக்காத."

"சரி அக்கா" என்றேன். எனக்கு ஒரு நீர்வள அதிகாரி மோதல் தடுப்பு சொல்லிக் கொடுக்கிறாள். இந்தக் கூட்டம் என் கையில் நடந்தால் என் பெயரில் நடந்ததாக இருக்க வேண்டும், அதற்குக் காகிதம் வேண்டும் என்று அன்று மாலையே முடிவு செய்துவிட்டேன்.

வருகைத் தாளைத் தட்டச்சு செய்தேன். பெயர், பதவி, ஊர், கையெழுத்து. நேரம் மிச்சமாகட்டும் என்று பெயரையும் பதவியையும் நானே நிரப்பினேன். பதவி எங்கிருந்து எடுத்தேன் என்றால், மாவட்ட அலுவலகத்துப் பட்டியலிலிருந்து. சுலே: பள்ளத்தாக்குத் தலைவர். ஜிப்ரு: மேய்ப்பவர் பிரதிநிதி. அதே தாளைப் 'பங்கேற்பாளர் பட்டியல்' என்று தலைமையகத்துக்கும் முந்தின நாளே அனுப்பிவைத்தேன். கீழே ஏற்பாடு என்ற இடத்தில் என் பெயர்.

கூட்டம் நன்றாகவே போனது. டீ வந்தது. மாடுகளைப் பற்றிப் பேசினார்கள். சுலே பன்னிரண்டு நாள் வேண்டும் என்றார், ஜிப்ரு ஐந்துக்கு மேல் மாடு தாங்காது என்றார். குரல் ஏறவில்லை. இதுதான் சமயம் என்று தாளை நீட்டினேன்.

ஜிப்ருவுக்கு இந்த எழுத்து படிக்க வராது. யூனுஸைப் பார்த்து, "படி" என்றார். யூனுஸ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் படித்தார்.

ஜிப்ரு டம்ளரை மண்ணில் வைத்தார். என்னிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை. "பாதையை என்றைக்குத் திறப்பது என்று சமமாக உட்கார்ந்து பேசத்தான் கூப்பிட்டீர்கள் என்று நினைத்தேன். உங்கள் தாளில் பள்ளத்தாக்கு ஏற்கெனவே அவருடையது ஆகிவிட்டது. அப்புறம் நான் எதற்கு?" என்றார். எழுந்தார். அவரோடு வந்தவர்களும் எழுந்தார்கள். போய்விட்டார்கள்.

சுலே தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எழுதச் சொன்னேனா?" என்று என்னைக் கேட்டார். அப்புறம் அவரும் போனார்.

6

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு முழு நாள் நஸ்ரினுக்குப் போன் செய்யவில்லை.

மாடுகள் ஒரு நாள் நெருங்கின. யூனுஸ் சந்தையிலிருந்து வந்து இரண்டு செய்தி சொன்னார். வெளிநாட்டுக்காரர்கள் பள்ளத்தாக்கைச் சுலேக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்களாம் என்பது ஒன்று. பள்ளத்தாக்கில் மூன்று வீடுகளில் பெண்களையும் குழந்தைகளையும் அனுப்பிவிட்டார்கள் என்பது இன்னொன்று. அதைக் கேட்டும் நான் கண்ணாடி முன்னால் நின்று, நஸ்ரினிடம் சொல்லாமல் இதைச் சரிசெய்துவிட முடியுமா என்றுதான் யோசித்தேன். இரண்டு வருடமாக அந்தக் கண்ணாடியில் நான் பார்க்கும் முகம் எனக்குப் பிடிக்கவில்லை, அன்று ரொம்பவே பிடிக்கவில்லை. போன் செய்தேன்.

கைரேகை அலுவலக வரிசையில் இருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"பேப்பர் எடுக்காதன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்ப ஏன் எடுத்த?"

"என் பேரு வரணும்னு."

அந்தப் பக்கம் டோக்கன் எண் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"உன் பேருதாண்டி எல்லாத்துலயும் வருது" என்றாள். "குட்டை விஷயத்துல கூட மேல போன ரிப்போர்ட்ல உன் பேரு. நான் ஃபார்ம்ல பம்பு ரிப்பேர்னு போட்டுகினு போனேன்."

"நீங்க ஜிப்ருகிட்ட போன்ல பேசுங்க அக்கா. நீங்க சொன்னா கேப்பாரு."

"என்னான்னு சொல்லட்டும்? அந்தப் புள்ளைக்குத் தெரியலன்னா? அவருக்கு என்மேல ஒண்ணும் கோவம் இல்ல. கோவம் உன்மேல. நீ போ." டோக்கன் வந்துவிட்டதுபோல, வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை முதலில் சுலே வீட்டுக்குப் போனேன். ஜிப்ருவிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன், நீங்கள் எழுதச் சொல்லவில்லை என்று நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் வீட்டு வயல்தான் பாதையின் முதல் வயல். பயிர் அறுக்காமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே, "நீ சொன்னால் நம்புவாரா? வண்டியில் இடம் இருக்கிறதா?" என்றார்.

வெளியாள் வண்டியில் ஏறினால் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். யூனுஸ் மெதுவாக நினைவுபடுத்தினார். அந்த மனிதரிடம் இன்னொரு தாளை நீட்டும் தைரியம் எனக்கு இல்லை. படிவத்தை மடித்து சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அதற்காக இப்போது எனக்கு விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள்.

ஜிப்ருவின் கூடாரத்தில் எங்களுக்கு டீ வரவில்லை. நான் வகுப்பு மொழியில் மன்னிப்புக் கேட்டேன். ஜிப்ரு யூனுஸிடம், "இவள் என்னைக் கைது செய்கிறாளா?" என்றார். சுலே சிரித்துவிட்டார். ஜிப்ரு அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

"நான் எழுதச் சொல்லவில்லை" என்றார் சுலே. "என் அப்பன் காலத்திலும் எவனும் இந்தப் பள்ளத்தாக்குக்குத் தலைவன் என்று சொல்லிக்கொண்டதில்லை. இந்தப் பெண் எழுதினாள்."

ஜிப்ரு என்னிடம் திரும்பினார். "அந்தத் தாள் எங்கே?"

கொடுத்தேன்.

"வேறு எங்கே இருக்கிறது?"

பொய் சொல்லியிருக்கலாம். "தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டேன்" என்றேன்.

"கூட்டத்துக்கு முன்னாலேயா, பின்னாலேயா?"

"முன்னால்."

அப்போது சுலே தலையில் கைவைத்துக்கொண்டார். "நாங்கள் வந்து உட்காருவதற்கு முன்னாலேயே?" என்றார். அங்கிருந்துதான் தொடங்கியது. இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் எடுத்துக்கொண்டார். எனக்குப் பெரியவர்கள் இல்லையா, என் ஊரில் விருந்தாளி வருவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டதாக எழுதிவைப்பார்களா, என் அப்பா என்ன வேலை செய்கிறார். வாத்தியார் என்றேன். அதற்கும் திட்டு. யூனுஸ் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். அவர் இவ்வளவு உற்சாகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

"அங்கேயும் சரிசெய்து எழுது" என்றார் ஜிப்ரு. "இப்போதே. எங்கள் முன்னால்."

போனை எடுத்தேன். தலைமையகத்துக்கான கடிதத்தை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் வரி ஜிப்ருவுடையது: "முன்பு அனுப்பியதை எழுதியவளுக்கு ஒன்றும் தெரியாது." இரண்டாவது வரி: "இந்தப் பள்ளத்தாக்குக்குத் தலைவர் என்று ஒருவரும் இல்லை." அதை யூனுஸ் படித்துக் காட்டியதும் ஜிப்ரு சுலேயைப் பார்த்தார். சுலே கொஞ்சம் தாமதித்தார். "எழுது" என்றார்.

மூன்றாவது வரிக்குப் போகவே இல்லை. ஜிப்ரு மறுபடி என்னைப் பிடித்துக்கொண்டார். "இவளுக்கு என்ன தெரியும்? எந்த வயல் அறுத்தது, எந்த வயல் நிற்கிறது என்று தெரியுமா?"

"எங்கே தெரியும்?" என்றார் சுலே. "கீழ்ப்பக்கம் பூராவும் போன வாரமே அறுத்தாகிவிட்டது. அதைக்கூட வந்து பார்க்கவில்லை."

ஜிப்ரு நிறுத்தினார். "கீழ்ப்பக்கம் அறுத்தாகிவிட்டதா?"

"ஆகிவிட்டது. மேல்பக்கம்தான் நிற்கிறது. என்னுடையதும் சேர்த்து."

"குட்டையும் கீழ்ப்பக்கம்தானே?"

"கீழ்ப்பக்கம்தான்."

அப்புறம் இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டார்கள். மாடுகள் மேல்பக்கத்து வயல்களுக்கு வராமல் மேட்டைச் சுற்றிக் கீழ்ப்பக்கம் இறங்கும். குட்டையில் எட்டு நாள் தங்கும். அதற்குள் சுலேயின் ஆட்கள் மேல்பக்கத்தை அறுப்பார்கள், பின்னால் வரும் மந்தைகளுக்குப் பழைய பாதை முழுதாகத் திறக்கும். எனக்குச் சுற்று வழி இருப்பதே அன்றுதான் தெரியும். குச்சியால் கோடு போட்டதை நான் போட்டோ எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றியது, கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது டீ வந்தது. மூன்று டம்ளர். சுலேக்கு, யூனுஸுக்கு, ஜிப்ருவுக்கு.

7

நஸ்ரின் புது அட்டையோடு திரும்பினாள். எங்கள் அலுவலகத் தலைவி எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். கூட்டம் உடைந்தது எல்லோருக்கும் தெரியும், அப்புறம் அமைதியானதும் தெரியும். நஸ்ரின்தான் தலைநகரிலிருந்து போனில் சரிசெய்திருப்பாள் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். தலைமையகத்தில் என் பெயரில் இருப்பது, கூடாரத்திலிருந்து இரண்டு வரியோடு அனுப்பிய, எனக்கு ஒன்றும் தெரியாது என்ற கடிதம்.

"நான் ஒண்ணும் பண்ணலன்னு மேடம்கிட்ட சொன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள் என்னிடம். சொல்லியிருப்பாள். எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்பதுதான் எனக்குச் சந்தேகம். இரண்டு நாள் அவளோடு சாப்பிடப் போகவில்லை.

மாடுகள் இறங்கிய காலை இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனோம். மேட்டைச் சுற்றி வந்தன. முதலில் தூசி, அப்புறம் மணிச் சத்தம், அப்புறம் கொம்புகள். மேட்டு ஓரத்தில் சுலேயின் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கைகளில் கம்பு இருந்தது. ஜிப்ருவின் ஆட்களின் கைகளிலும் இருந்தது.

ஒரு கன்று வழிதவறி மேலே ஏறி, சுலேயின் வயலுக்குள் புகுந்தது. நின்ற பயிரில் வாய் வைத்தது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். நஸ்ரின் ஒரு அடி முன்னால் வைத்தாள், நானும் வைத்தேன். அதற்குள் சுலே கம்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். கன்றின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளிக்கொண்டே வெளியே கொண்டுவந்தார். அது வரப்பில் கால் ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. ஜிப்ரு வந்து கழுத்தைப் பிடித்து இழுத்தார். ஒருவர் தள்ள, ஒருவர் இழுக்க, கன்று வந்துவிட்டது. சுலே ஏதோ சொன்னார். ஜிப்ரு ஏதோ பதில் சொன்னார். இருவரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்று யூனுஸைக் கேட்டேன்.

"இந்தக் கன்றும் உங்களைப் போலத்தானாம். வருவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டதாம்."

நஸ்ரினுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. அவள் சிரிக்கவில்லை. மாடுகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மூணு வருஷமாச்சு வித்யா. என்னை ஒரு தடவ கூட இவங்க திட்டினதில்ல. போனா விருந்தாளின்னு நல்ல சேரா பாத்துப் போடுவாங்க. முதல் டீ எனக்குத்தான். ஊருக்கு எப்ப திரும்பிப் போறீங்கன்னு மரியாதையா கேப்பாங்க."

அவள் குரலில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாமல் இருக்குமா. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொற்கள்கூட வந்தன, டம்ளர் தண்ணீரைப் பற்றி, அது இல்லாவிட்டால் ஒன்றுமே நடந்திருக்காது என்பதைப் பற்றி. எல்லாம் உண்மை. ஒன்றையும் சொல்லவில்லை.

இன்னும் பாதி மந்தை வர வேண்டியிருந்தது. நாங்கள் இருவரும் நின்ற இடம் மாடுகள் திரும்பும் வளைவு. ஜிப்ரு அங்கிருந்தே கையை வீசிக் கத்தினார். நஸ்ரினைப் பார்த்து அல்ல. என்னைப் பார்த்து.

"வழியில் மரம் மாதிரி நிற்காதே, கண் இல்லையா என்கிறார்" என்றார் யூனுஸ்.

நகர்ந்தேன். இரண்டு அடி பின்னால், நிதானமாக, அவள் பார்க்கட்டும் என்று.